காருக்கு வேறு இன்ஜின் ஏற்றுவது: வாங்கும் முன்பும் பூட்டும் முன்பும்

ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு இன்ஜின் கொதித்துப் போன ஒரு வண்டி. அதே ரேடியேட்டரோடு வேறு இன்ஜினை ஏற்றினால், புதிதாக வந்ததும் அதே வழியில்தான் போகும். இன்ஜின் மாற்றியும் சில மாதங்களில் திரும்பவும் வண்டி நின்றுவிட்டது என்று புலம்பும் பலரின் கதை இதுதான். வாங்கிய இன்ஜினைக் குறை சொல்வார்கள். முதல் இன்ஜினைக் கொன்ற காரணம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

ஓடிய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றுவது நல்ல வழிதான். புது இன்ஜினை விட விலை மிகவும் குறைவு. முழுதாகப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) ரீபில்ட் செய்வதை விட வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் போல்ட்டைக் கழற்றிப் பூட்டுவது இதில் பாதி வேலைதான். மீதிப் பாதி, எதை வாங்குவது, பூட்டும் முன் எதை மாற்றுவது என்ற கணக்கு.

போனது இன்ஜின்தானா?

"இன்ஜின் போச்சு" என்பது நாலைந்து வெவ்வேறு சங்கதிகளுக்கான பொதுப்பெயர். ஆயில் குறைந்து ஓடியிருந்தால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கின் பேரிங் தேய்ந்து "டொக் டொக்" என்று அடிக்கும். முற்றினால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட், இன்ஜினின் உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். டைமிங் பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் மேலே வரும் பிஸ்டன் திறந்து நிற்கும் வால்வில் மோதி வால்வை வளைத்துவிடும். தேங்கிய வெள்ளத்தில் ஓட்டும்போது ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, ராட் வளையும். கூலன்ட் இல்லாமல் சூடேறினால் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போகும், அலுமினிய ஹெட் கோணும்.

இவற்றில் ஹெட் கேஸ்கெட்டும் வளைந்த வால்வும் பெரும்பாலும் ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலையோடு முடிந்துவிடும். பேரிங் போனதும், ராட் வளைந்ததும், பிளாக் வெடித்ததும்தான் இன்ஜின் மாற்றும் கேஸ். இன்னொன்று: கிராங்க் சுற்றவே இல்லை என்றால் உடனே இன்ஜின் உள்ளே இறுகி சீஸ் ஆகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லி போல்ட்டில் நீள ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பாருங்கள். ஏசி கம்ப்ரஸரோ ஆல்டர்னேட்டரோ இறுகிக்கொண்டு பெல்ட்டைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட்: சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அமுங்குகிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு முறை காற்று அமுங்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 10 முதல் 13 பார் வரும். டீசலுக்கு அதற்கான தனி கேஜ் வேண்டும், அளவு இதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். தனி எண்ணை விட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம்: 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போனால் கோளாறு. குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வோ கேஸ்கெட்டோ.

காரணம் தெரிந்ததும் அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பேரிங் உருகியிருந்தால் உலோகத்தூள் ஆயில் கூலருக்குள்ளும் போயிருக்கும். கூலரைக் கழுவி நம்புவதை விடப் புதிது போடுவதே மேல். டர்போ உடைந்திருந்தால், அது அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் ஆயிலும் துண்டுகளும் தேங்கியிருக்கும். பழைய இன்ஜின் ஆயில் குடித்து நீல நிறத்தில் புகைத்துக்கொண்டிருந்தால், சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அது அடைத்திருந்தால் ஏற்றிய நல்ல இன்ஜினும் இழுக்காது.

"ஒரே மாடல்தானே, பொருந்தும்"

இந்த வேலையில் அதிகம் செலவு வைக்கும் வாக்கியம் இதுதான். மாடல் பெயரும் சிசியும் ஒன்றாக இருந்தால் போதாது. பிளாக்கில் பொறித்திருக்கும் இன்ஜின் கோடு, அதாவது இன்ஜின் வகைக்கான குறியீடு, ஒன்றாக இருக்க வேண்டும்; கூடவே தயாரிப்பு ஆண்டும் மாசுத்தர நிலையும் ஒத்துப்போக வேண்டும். ஒரே கோடு கொண்ட இன்ஜினே ஆண்டுக்கு ஆண்டு சில்லறை மாற்றங்களோடு வரும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். கிராங்க்கோடு சுற்றும் ஒரு பல் வளையம் இருக்கிறது. பக்கத்திலுள்ள சென்சார் அந்தப் பற்களை எண்ணித்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குச் சொல்கிறது. பல வண்டிகளில் 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்களே இருக்கும். விடுபட்ட இரண்டு பல்லின் இடைவெளிதான் அடையாளம். வேறு சிலவற்றில் 36 இடத்தில் 35 பற்கள். 58 பல்லை எதிர்பார்க்கும் இசியுவுக்கு முன்னால் 35 பல் வளையம் உள்ள இன்ஜினைக் கொண்டுபோய் நிறுத்தினால், ஸ்டார்ட்டர் நாள் முழுக்கச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. இரண்டு இன்ஜினும் வெளிப்பார்வைக்கு அச்சில் வார்த்தது போல இருக்கும்.

பார்க்க வேண்டிய மற்றவை: கியர்பாக்ஸோடு சேரும் முகத்தின் போல்ட் துளைகள்; ஃப்ளைவீல் போல்ட்டுகளின் எண்ணிக்கை; ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்த இன்ஜினை மேனுவல் வண்டியில் போடுவதானால் கிராங்க் முனையில் பைலட் பேரிங் தேவையா என்பது; திராட்டில் கேபிளில் இயங்குகிறதா, மின்மோட்டாரிலா; வேரியபிள் வால்வு டைமிங் உண்டா இல்லையா. முன்சக்கர இழுவை வண்டிக்கும் பின்சக்கர இழுவை வண்டிக்கும் ஒரே இன்ஜின் வருவதுண்டு. அப்போது அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் வடிவமும், உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயும், டிப்ஸ்டிக்கும் வேறாக இருக்கும். சம்ப்பை மட்டும் மாற்றிவிட்டு உறிஞ்சும் குழாயை மறந்தால் வளைவில் திரும்பும்போது பம்ப் காற்றை இழுக்கும்.

பிராக்கெட், மேனிஃபோல்டு, சென்சார் போன்ற வெளிப்பாகங்கள் வேறுபட்டால் கவலையில்லை, உங்கள் பழைய இன்ஜினிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருப்பவை வேறுபட்டால் வாங்காதீர்கள். வயரிங்கும் இசியுவும் உங்கள் வண்டியுடையதே இருக்கட்டும். சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் அதோடு கட்டுப்பட்டது. வேறு இசியுவைச் செருகினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகும்.

டீசல் காமன் ரெயில் இன்ஜினில் இன்னும் ஒரு சங்கதி உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். அந்த இன்ஜெக்டர் எவ்வளவு டீசல் விடுகிறது என்ற நுண்ணிய வித்தியாசத்தை இசியுவுக்குச் சொல்வது அதுதான். வந்த இன்ஜெக்டர்களையே பயன்படுத்துவதானால் ஸ்கேனர் மூலம் அந்தக் குறியீடுகளை இசியுவில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் ஐட்லிங் நடுங்கும், புகை வரும்.

கடையில் நின்று பார்ப்பது

வாங்கும்போது எது எது கூட வருகிறது என்று முதலில் கேளுங்கள். ஒருவர் "இன்ஜின்" என்று சொல்வது மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர், டர்போ எல்லாம் சேர்ந்த முழு செட்டாக இருக்கும். இன்னொருவருக்கு ஹெட்டும் பிளாக்கும் மட்டும். வேறொருவருக்கு ஹெட் இல்லாத ஹாஃப் இன்ஜின்.

வண்டியிலிருந்து இறக்காத, ஓடவிட்டுக் காட்டும் இன்ஜின் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் தரையில் கிடக்கும் இன்ஜினைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவுங்கள். மெல்லிய பழுப்புப் படலம் சாதாரணம். தார் போலக் கெட்டிப்பட்ட கறுப்புப் படிவு என்றால் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். மோர் போன்ற வெளிர் பசை என்றால் கூலன்ட் கலந்திருக்கலாம். குறுகிய தூரம் மட்டுமே ஓடிய வண்டியிலும் மூடியில் கொஞ்சம் இப்படிப் படியும் என்பதால் டிப்ஸ்டிக்கையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சம்ப்பில் மிச்ச ஆயில் இருந்தால் கொஞ்சம் வடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஜிகினா போல மின்னினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்திருந்தாலோ, ஒன்று மட்டும் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தாலோ அந்த சிலிண்டரில் சந்தேகம். பிளக் துளை வழியாக விடும் சின்ன கேமரா இப்போது ஃபோனோடு இணையும் வகையில் கிடைக்கிறது. சிலிண்டர் சுவரில் தயாரிக்கும்போதே தீட்டிய (ஹோனிங் செய்த) குறுக்குக் கோடுகள் தெரிய வேண்டும்; செங்குத்தான கீறலும் துருவும் இருக்கக் கூடாது. பிறகு கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். எல்லா வால்வும் ஒரு முறை திறந்து மூட இரண்டு சுற்று ஆகும் என்பதால் ஒரு சுற்றோடு நிறுத்துவதில் பயனில்லை. பிளக் கழற்றிய நிலையில் அது ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் முட்டினால் வேண்டாம்.

கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். அசைவு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவில் இருக்கலாம்; கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி "டக் டக்" என்று ஆடினால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. பேட்டரியும் ஸ்டார்ட்டரும் கொடுத்து அங்கேயே கம்ப்ரஷன் பார்க்க விடுகிற கடைக்காரர் என்றால் கொஞ்சம் விலை கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

சில கடைகள் பிளாக்கிலும் ஹெட்டிலும் நாணயம் போன்ற ஒரு சிறு வில்லையை ஒட்டித் தருவார்கள். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் நடு உருகிவிடும். உருகியிருந்தால் வாரண்டி கிடையாது. நியாயமான ஏற்பாடுதான். அதைப் பிய்த்துவிடாதீர்கள். ரசீதில் இன்ஜின் எண் கட்டாயம் இருக்க வேண்டும். எண் சுரண்டியிருக்கும் இன்ஜினை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஸ்டாண்டில் இருக்கும்போதே

இன்ஜின் வெளியே இருக்கும்போது பத்து நிமிடத்தில் மாற்றுகிற ஒரு ஆயில் சீல், ஏற்றிய பிறகு கசிந்தால் கியர்பாக்ஸையே இறக்க வைக்கும். கிராங்க்கின் பின்பக்க சீல்தான் அது. இதை மாற்றாமல் இன்ஜினை ஏற்றுவதை விட இரண்டு நாள் தாமதமாவது மேல்.

அதோடு முன்பக்க கிராங்க் சீல், கேம்ஷாஃப்ட் சீல்கள், டைமிங் பெல்ட் இருந்தால் பெல்ட்டும் டென்ஷனரும் ஐட்லரும் சேர்ந்த முழு கிட், அதன் பின்னால் இருக்கும் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், வால்வு கவர் கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட்டுகள், பிளக், ஆயில் ஃபில்டர். மேனுவல் வண்டியானால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நாக் சென்சாரையும் கூலன்ட் குழாய்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான தகட்டு மூடிகள் இருக்கும். அவை துருவால் பொத்தலாகும் நிலையில் இருந்தால் தட்டி எடுத்துப் புதிது அடிக்கலாம். வண்டிக்குள் போனபின் சிலவற்றை எட்டவே முடியாது.

கம்ப்ரஷன் சரியாக இருக்கிற இன்ஜினின் ஹெட்டை "எதற்கும் ஒரு முறை பார்த்துவிடலாம்" என்று கழற்றுவது மட்டும் வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த ஒரு சீல் கெட்டு, புதுச் செலவு வரும்.

இறக்குவது

எதையும் தொடுவதற்கு முன் எல்லாப் பக்கமும் ஃபோட்டோ எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு கனெக்டரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். போல்ட்டுகளை இடம் எழுதிய தனித்தனிப் பைகளில் போடுங்கள். இரண்டு நாள் கழித்து உங்கள் நினைவு உங்களைக் கைவிடும், ஃபோட்டோ கைவிடாது.

பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். இன்ஜின் இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டுத் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். ஓடாது என்றால் குழாய் இணைப்பைத் துணி சுற்றி மெதுவாகத் திறக்க வேண்டும். அதற்கு முன்பே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியிருக்க வேண்டும். கூலன்ட்டையும் ஆயிலையும் வடியுங்கள். வடிந்த கூலன்ட் எத்தனை லிட்டர் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். ஏசி குழாய்களைத் திறக்காதீர்கள். கம்ப்ரஸரை மட்டும் அவிழ்த்து, குழாயோடு ஓரமாகக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் கேஸ் வீணாகாது.

பானட், ரேடியேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி, சைலன்சர் இணைப்பு, டிரைவ் ஷாஃப்ட், கியர் கேபிள் என்று வரிசையாக வரும். முன்சக்கர இழுவை வண்டிகள் பலவற்றில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து கீழ்வழியாக இறங்கும். சர்வீஸ் மேனுவல் எந்த வழி சொல்கிறதோ அந்த வழி. ஆட்டோமேட்டிக்கானால், கிளட்ச்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரை, கிராங்க்கில் பூட்டிய தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சின்ன ஜன்னல் வழியாகக் கிராங்க்கைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

சிறிய நாலு சிலிண்டர் அலுமினிய இன்ஜின் நூறு கிலோவை ஒட்டி இருக்கும். பெரிய டீசல் இருநூறைத் தாண்டும். கியர்பாக்ஸ் சேர்ந்தால் இன்னும் ஏறும். கிரேனின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். இரண்டு டன் என்று எழுதியிருப்பது கையை முழுக்க உள்ளே இழுத்த நிலைக்கான கணக்கு. தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது, வண்டி ஜாக்கில் அல்ல, ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் தூக்கியதும் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒன்று இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பாடியோடு இணைந்த எர்த் பட்டை.

பழைய இன்ஜினை வந்த இன்ஜினுக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். ஒரு மணி நேரம் இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள்: ஒவ்வொரு துளை, ஒவ்வொரு சென்சார் இடம், ஒவ்வொரு கனெக்டரின் பின் எண்ணிக்கை. ஏற்றிய பிறகு தெரியவேண்டிய வித்தியாசம் எல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சேர்ப்பது

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம்தான் அவசரக்காரர்களைத் தண்டிக்கும் இடம். மேனுவலில், கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மென்ட் கருவியைப் போட்டே பிரஷர் பிளேட்டை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் பல்லில் ஏறாது.

ஆட்டோமேட்டிக்கில் சிக்கல் வேறு. டார்க் கன்வெர்ட்டரை முதலில் கியர்பாக்ஸுக்குள் முழுதாக உட்கார வைக்க வேண்டும். தள்ளியபடியே மெதுவாகச் சுற்றினால் ஒரு "டொக்", கொஞ்சம் உள்ளே போகும். இன்னும் சுற்றினால் அடுத்த "டொக்". ஷாஃப்ட்டின் பல்வரிசைகள் ஒவ்வொன்றாகச் சேரும் சத்தம் அது. கடைசியாகச் சேர்வது ஆயில் பம்ப்பை ஓட்டும் கவ்வல். அது சேராமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது இன்ஜினைக் கொண்டுபோய், கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்கின் போல்ட்டுகளால் இழுத்து இறுக்கினால், கியர்பாக்ஸின் பம்ப் உடையும். சரியாக உட்கார்ந்திருந்தால், ஹவுசிங் இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்றும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்.

எந்த வகையானாலும் இரண்டு முகங்களும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். இடைவெளி இருக்கும்போது போல்ட்டை இறுக்கி இழுப்பவர்கள் ஹவுசிங்கின் காதை உடைக்கிறார்கள். இரு முகத்துக்கும் இடையே குழல் வடிவ டோவல் பின்கள் இருக்கும். பழைய பிளாக்கிலேயே அவற்றை மறந்து விட்டுவிட்டால் கியர்பாக்ஸ் மயிரிழை கோணலாக நின்று கிளட்ச்சையும் சீலையும் தின்னும்.

ஃப்ளைவீல் போல்ட்டுகளுக்குப் புதியதையே போடுங்கள். சர்வீஸ் மேனுவலில் "இத்தனை நியூட்டன் மீட்டர், பிறகு இத்தனை டிகிரி" என்று எழுதியிருக்கும் போல்ட்டுகள் இறுக்கும்போதே நீளுபவை. அவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. மவுண்டிங் போல்ட்டுகளை எல்லாம் லூசாகப் போட்டு, இன்ஜின் தன் இடத்தில் படிந்த பிறகு இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஐட்லிங்கில் வண்டி முழுக்க அதிர்வு கேட்கும்.

முதல் ஸ்டார்ட்

சாவியைத் திருப்பி ஓட விட்டுவிடக் கூடாது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த இன்ஜினின் பேரிங்கில் ஆயில் இருக்காது. ஆயில் நிரப்பி, பிளக் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, பத்துப் பதினைந்து விநாடிகளாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இடையில் ஸ்டார்ட்டர் ஆற விடுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகே பிளக்கைப் பூட்டுங்கள். டீசலானால் கைப்பம்ப்பால் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றியாக வேண்டும்.

கூலன்ட்டைக் கார் தயாரிப்பாளர் சொன்ன வகையில், கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து வையுங்கள். வடித்தது ஆறு லிட்டர், உள்ளே போனது நாலு என்றால் மிச்ச இரண்டு லிட்டர் இடத்தில் காற்று நிற்கிறது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட் மாற்றி, பம்ப் மாற்றி, கடைசியில் இந்தக் காற்றுக் குமிழியால் ஹெட்டைக் கோண வைப்பதும் நடக்கிறது.

ஓடத் தொடங்கியதும் சில விநாடிகளுக்குள் ஆயில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். முதல் பத்து நிமிடம் மேனிஃபோல்டில் பட்ட ஆயிலும் கைரேகை கிரீஸும் எரிந்து புகை வரும், அது பயப்படும் விஷயமல்ல. ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை பக்கத்திலேயே நின்று வெப்பநிலை முள்ளையும் அடிப்பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருங்கள். ஆறிய பிறகு கூலன்ட் மட்டம் இறங்கியிருக்கும், நிரப்புங்கள். ஸ்கேனர் மாட்டிப் பழைய எரர் கோடுகளை அழித்து, திரும்ப வருவதை மட்டும் கவனியுங்கள்.

ரிங் ஏற்கெனவே பழகிய இன்ஜின் என்பதால் புது இன்ஜின் போல ஓட்டிப் பழக்க வேண்டியதில்லை. ஆனாலும் முதல் நூறு கிலோமீட்டர் ஊரை விட்டு வெகுதூரம் போகாமல், தினமும் காலையில் டிப்ஸ்டிக்கும் கூலன்ட்டும் பார்த்து ஓட்டுங்கள். ஐந்நூறிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். உள்ளே கிடந்த பழைய படிவு புது ஆயிலில் கரைந்து ஃபில்டரில் சேர்ந்திருக்கும். பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண் எழுதப்படும் இடங்களில் அதையும் இன்சூரன்ஸையும் ரசீதைக் காட்டி மாற்றுங்கள்.

பழைய இன்ஜினை மட்டும் ஒரு மாதத்துக்கு விற்காதீர்கள். கடைக்காரர் அதைத் திருப்பிக் கேட்டிருந்தால் அந்த அவகாசத்தை முன்பே பேசி வாங்குங்கள். ஒரு பிராக்கெட்டோ, ஒரு சென்சாரோ, கீழே விழுந்து காணாமல் போன எட்டு மில்லிமீட்டர் போல்ட்டோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டி வரும்.